இருபத்து மூன்று அல்போன்ஸ்

சர்ச்சை ஒட்டிய பங்கு அலுவலகத்துக்குள் அழுகிய தக்காளி நாறியது. சுவரை ஒட்டி மெழுகுவர்த்திப் பெட்டிகள், மூலையில் பிரிண்டர், மேசையில் கம்ப்யூட்டர். தக்காளிக்கு அங்கே என்ன வேலை? ஏஞ்சலின் மேசைக்கடியில் குனிந்து தேடினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள், தூறல் தெறித்த ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினாள்; வெளியே வெறும் ஈரமண் வாசனை. அந்தப் புளித்த வாடை உள்ளேதான், அவள் நாற்காலிக்கு வெகு அருகில், யாரோ கூடையைத் தோளில் சுமந்து பின்னால் நிற்பதுபோல.

அன்று கல்லறைத் திருநாள். மாலை ஐந்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அந்தப் பட்டியலைத்தான் அவள் அச்செடுத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்கை சரியா வந்துச்சாம்மா?" ஃபாதர் கதவருகே நின்று கேட்டார்.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுங்க ஃபாதர். எல்லாம் இருக்குதுங்க."

பாவி! வாய் கூசாமல் சொன்னாள்.

விஷயம் போன வாரத்தது. அடக்கப் பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டதால், ஒவ்வொரு பதிவையும் தனித்தனிப் படமாக ஸ்கேன் செய்து, இறந்தவர் பெயரையே படத்துக்கும் வைத்து, வருடத்துக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டிருந்தாள். பழைய நோட்டுகளைக் கோயிலுக்குப் பின்னால் கொளுத்தியதும் அவள்தான். அப்புறம் ஃபாதர் எல்லாவற்றையும் அகர வரிசை ஃபோல்டர்களுக்கு மாற்றச் சொன்னார். கையால் மாற்றினால் மாதக்கணக்காகும் என்று கம்ப்யூட்டருக்குப் பத்து வரிக் கட்டளையாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டாள். நாலே நொடி. திறந்து பார்த்தால் அறுநூற்றுப் பதினொரு படங்கள்தான் இருந்தன.

ஒரே பெயரில் இரண்டு வந்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தாத்தா பெயரைப் பேரனுக்கும், புனிதர் பெயரைத் தெருவுக்கே வைக்கிற பங்கு இது. கல்லை எறிந்தால் ஒரு அந்தோணி மண்டையில்தான் விழும். அதே பங்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது உறைக்கவில்லையே! ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

அல்போன்ஸ் என்ற பெயரில் இருபத்து மூன்று பேர். மிஞ்சியது கடைசியாகச் செத்தவர், அடுத்த தெரு அருள்ராணியின் கணவர். ஏஞ்சலினின் அப்பாவும் அல்போன்ஸ்தான். அவர் பதிவு போய்விட்டது. வாரிசு சான்றிதழுக்காக அதை எப்போதோ செல்போனில் படம் பிடித்திருந்தாள். அதைக் கொண்டுவந்து போட்டபோது கம்ப்யூட்டர் கேட்டது: இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிடலாமா? அவள் அதைப் படித்தாள். எங்கப்பா இல்லாத இடத்தில் அவங்க ஆளு மட்டும் எதுக்கு என்று ஒரு ஆங்காரம். ஆம் என்று அழுத்தினாள்.

பிறகு எண்ணிக்கைக்காக இன்னொரு ஸ்கிரிப்ட். மிஞ்சிய ஒவ்வொரு படத்தையும், முதல் ஸ்கிரிப்ட் பதிந்து வைத்திருந்த பெயர்க் கணக்குப்படி, அந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை நகல் எடுத்தது. இப்போது இருபத்து மூன்று அல்போன்ஸும் அவள் அப்பாவின் பதிவுதான்.

ஜன்னலில் நிழல் விழுந்தது. அருள்ராணி, கையில் சாமந்திப்பூ.

"எங்கூட்டுக்காரரு பேரு லிஸ்ட்ல இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க அத்தை."

"நீ நல்லா இருக்கோணும்."

இப்போதே எழுந்து ஃபாதரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் வேலை போகும், ஊர் காறித் துப்பும். உட்கார்ந்தே இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளுக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் தூறலில் சீறிச்சீறி எரிய, ஊதுபத்திப் புகையோடு சாமந்தி வாசமும் அதற்கெல்லாம் மேலாக அந்தத் தக்காளி நாற்றமும் சுற்றிவர, ஃபாதர் மைக்கில் வாசித்துக்கொண்டே போனார். அல்போன்ஸ். அல்போன்ஸ். அல்போன்ஸ். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு குடும்பம் தங்கள் ஆள் என்று சிலுவை போட்டுக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கல்லறையில் மெழுகுவர்த்தி அணைந்தது. காற்று இல்லை. ஏஞ்சலின் எண்ணினாள். இருபத்து மூன்று.

கடைசிப் பெயர் வாசித்து முடிவதற்குள் வீட்டைப் பார்த்து ஓடினாள். கோயில் சந்தில் அவளுக்கு முன்னால் ஒருவர் நடந்தார். வலது தோள் சரிந்திருந்தது. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை சுமந்து சுமந்து அப்பாவுக்குச் சரிந்த தோள். அவரைத் தாண்டினாள். இன்னொருவர். அதே தோள். இன்னொருவர்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள்.

வாசல் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். நெட்டை, குட்டை, கூன் விழுந்தவர். உடம்பு வெவ்வேறு. வலது தோளின் சரிவு ஒன்று. முகம் ஒன்று.

அப்பா முகம்.

"மாரண்டஹள்ளி அல்போன்ஸ்," என்றார் ஒருவர், அப்பா குரலில். "வயசு அம்பத்தாறு. மார்வலி. மவ ஏஞ்சலின்."

"மவ ஏஞ்சலின்," என்றார் அடுத்தவர்.

பதிவில் இருந்தது அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அப்பா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. இவர்களில் ஒருவர் அப்பா. யார்?

சந்திலிருந்து அலறல் கேட்டது. அதே முகத்தோடு இடது காலை இழுத்து இழுத்து வந்த ஒருவரின் கையைப் பிடித்துத் தொங்கியபடி அருள்ராணி வந்தாள்.

"இந்தக் காலு எனக்குத் தெரியாதா? நம்ம வூடு அந்தப் பக்கம்ங்க! வாங்க, நம்ம வூட்டுக்குப் போலாம்!"

அவர் நின்று அவளைப் பார்த்தார். பிறகு ஏஞ்சலினைப் பார்த்தார்.

"இந்தம்மா யாருங்க?" என்று கேட்டார்.

அருள்ராணியின் பிடி தானாக விட்டது.

ஏஞ்சலின் அருள்ராணியை நோக்கி ஒரு அடி வைத்தாள். நான்தான் அழித்தேன் அத்தை. சொல்ல வேண்டும். நான்தான்.

வீட்டுக் கதவு திறந்தது. அம்மா இசபெல்லா. அவள் பார்வை முதல் ஆளின் முகத்தில் நின்றது. அழுகையும் சிரிப்புமாய், "வந்துட்டீங்களா?" என்று அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்துப் போனாள்.

மற்ற இருபத்திரண்டு பேரும், காலில் அப்பியிருந்த கல்லறை மண்ணை வாசற்சாக்கில் நிதானமாகத் தேய்த்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள்.