தேய்ந்து தீராத எண்

போயூ எழுந்தான். பல் விளக்கினான். சரியாகக் காயாத, ஈரவாடை அடித்த சட்டையையே மாட்டிக்கொண்டான். தெருமுனைக் கடையில் முட்டைச் சுருளும் சூடான சோயாப்பாலும் வாங்கி, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தின்றான். ருசி தெரியவில்லை, தெரிய வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. மழையங்கியைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, சுங்ஹேக்குப் போகும் பாலத்தில் மற்ற மழையங்கிகளோடு நகர்ந்தான். தொழிற்கூடக் கட்டடத்தின் சரக்கு லிஃப்டில் ஏறினான். விரல்ரேகை வைத்தான். சோதனை அறைக் கதவைத் திறந்தான்.

சத்தம் இல்லை.

சத்தம் இருந்திருக்க வேண்டும். இரும்புத் தட்டுகளில் வரிசையாகக் கிடந்தவை மூச்சுப் பாய்கள். முதியவர்களின் மெத்தைக்கு அடியில் விரித்தால், மேலே படுத்திருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். மூச்சு நின்றால் அலறும். அதுதான் அதன் வேலை, அது ஒன்றுதான். சோதனைக்காக ஒவ்வொரு பாயின் மேலும் ஒரு ரப்பர் பையை வைத்து, பம்பினால் ஊதி ஊதி இறக்குவார்கள். அந்தப் பம்ப் விடியற்காலையில் தானாக நின்றுபோகும்படி போயூ நேற்று வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்நேரம் எல்லாப் பாய்களும் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டும். காவல்காரர் கீழிருந்தே திட்டியிருக்க வேண்டும்.

ரப்பர் பைகள் சப்பையாகக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, சின்னச் சின்னத் திரைகளில், பச்சை எழுத்துகள். மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறது.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எரிச்சல்கூட இல்லை; இளக்காரம். இந்தக் கம்பெனியில் எது ஒழுங்காக நடந்திருக்கிறது, இது நடக்க?

எல்லாம் முதலாளி வெங்கின் சாமர்த்தியம். பாய்க்கான புதிய செயலிச் சில்லு சந்தையில் கிடைக்கவில்லை என்றதும், மூடிப்போன ஒரு சலவை இயந்திரத் தொழிற்சாலையின் கிடங்கிலிருந்து பழைய செயலிகளை மூட்டையாக அள்ளி வந்தவர் அவர். ஊரையே ஏமாற்றிவிட்டதைப் போல அன்று முகமெல்லாம் பூரிப்பு. அந்தச் செயலிகளுக்குத் தசமக் கணக்கு போடத் தெரியாது. முழு எண்கள் மட்டும்தான். தசமம் வந்தால், ஒரு மென்பொருள் நூலகம் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடித்து எழுத்துக் கூட்டிக் கொடுக்க வேண்டும். புதிய செயலிக்கு எழுதிய நிரலை இந்தக் கிழங்களுக்கு மாற்றுவதுதான் மூன்று மாதமாகப் போயூவின் பிழைப்பு.

வெங் பத்து மணி வாக்கில் எட்டிப் பார்த்தார். கையில் பல்குத்தும் குச்சி.

“என்னப்பா, பாய் கத்தலையாமே? நல்லதுதானே. அமைதியா இருக்கு.”

“செத்தவங்களை உயிரோட இருக்காங்கன்னு சொல்லுது.”

“யீலான் முதியோர் இல்லத்துல அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டார். “நாளைக்குக் காலையில லாரி வருது போயூ. சரி பண்ணு. அறுபது படுக்கை. எவனாவது பச்சை விளக்குக்குக் கீழே அழுகிக் கிடந்தான்னா, பேப்பர்ல வர்றது என் பேரு.”

அவருக்குப் பின்னாலேயே கொள்முதல் பிரிவு சியூச்சி அக்கா வந்தாள். தட்டின் உச்சியில் கிடந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்து, தேதியைப் பார்த்து, உச்சுக்கொட்டினாள். தேங்காய் மணம் போட்ட சோளப்பொரி. இந்தத் தீவில் எந்த இயந்திரத்தின் தலையிலும் இதில் ஒரு பொட்டலம் இருக்கும். இருந்தால் இயந்திரம் அடம் பிடிக்காதாம். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ரோச்சென்னின் படுக்கைக்கு மேலே இருந்த கருவியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தின்னக் கூடாது.

“தேதி தாண்டிப் போச்சு தம்பி. அப்புறம் கத்தலை, கத்தலைன்னா எப்படிக் கத்தும்?” புதியதை எடுத்து வைத்தாள்.

“சோளப்பொரி வச்சா கணக்கு சரியாகும்னா நான் எதுக்குக்கா நாலு வருஷம் காலேஜ்ல படிச்சேன்?”

“அதை உங்க அம்மாகிட்டக் கேளு.” போகும்போது தோளைத் தொட்டாள். அவள் தொட்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. நான்கு மாதமாக எல்லோரும் தொடுகிறார்கள்.

மதியம் ஆண்டிறுதி விருந்து. விருந்துத் தட்டில் கோழித்தலை யார் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவருக்கு வேலை போகும் என்ற பழைய கேலியைப் பேசிக்கொண்டே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போயூவையும் கூப்பிட்டார்கள். அவன் திரையைக் காட்டினான். மாடி காலியானது. கடைசி ஆள் விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பாராமலே. சாம்பல் நிறப் பகல் வெளிச்சம் ஜன்னல் தூசி வழியே கசிந்தது. மழை ஏசியின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக், பழைய ரப்பர், எங்கோ ஒரு மூலையில் காய்ந்துபோன நூடுல்ஸ்.

பிழையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மென்பொருள் மூச்சின் அலையை ஒரே எண்ணாக வைத்திருந்தது. ஒவ்வொரு கணமும் பழைய எண்ணில் பத்தில் ஒன்பது பங்கை வைத்துக்கொண்டு, புதிதாக வருவதைக் கூட்டும். மூச்சு நின்றால் கூட்ட எதுவும் வராது. எண் தேயும். தேய்ந்து தேய்ந்து பூஜ்ஜியம் ஆனதும் பாய் அலறும். புதிய செயலி அதில் கறாரானது. எண் ரொம்பச் சிறுத்துவிட்டால் துடைத்து எறிந்துவிடும். பழைய செயலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூலகமோ விசுவாசி. தசமப் புள்ளிக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்களைத் தாண்டி, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துகளைக்கூட விடாமல் காப்பாற்றியது. அதற்குக் கீழே சின்ன எண் கிடையாது. அந்தத் துகளில் பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால், முழுதாக்கும்போது மறுபடி அதே துகள். தேயாது. ஒருபோதும் பூஜ்ஜியம் ஆகாது. நிரலோ பூஜ்ஜியமா, பூஜ்ஜியமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இதை எழுதியவன் இப்போது சிஞ்சூவில் இரண்டு மடங்கு சம்பளத்தில் இருக்கிறான். தசம எண்ணைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம்.

போயூ ஒவ்வொரு பாயாகத் துகளைச் சரிபார்த்தான். முதல் பாய்: அசையாத துகள். அடுத்தது: அசையாத துகள். செத்த எண்கள். எல்லாவற்றிலும் ஒன்றே.

கீழ்த்தட்டில் மூன்றாவது பாயில் எண் அசைந்தது.

அவன் குனிந்தான். துகள் கொஞ்சம் பெரிதானது. சிறுத்தது. குறி மாறிக் கழித்தலுக்குப் போனது. அங்கே கொஞ்சம் பெரிதானது. சிறுத்தது. மீண்டும் கூட்டலுக்கு வந்தது. இந்த நிரலில் உள்ளே போகும் மூச்சு கூட்டல். வெளியே வருவது கழித்தல்.

உணரியில் இரைச்சல் என்று முதலில் நினைத்தான். பிறகு அதை நினைத்த தன்னையே இகழ்ந்தான். உணரி அளக்கக்கூடிய மிகச் சிறிய அசைவைவிட இது கோடானு கோடி மடங்கு சிறியது. ஒரு பாயால் இதை உணர முடியாது. எதனாலும் முடியாது. பாய்க்கும் செயலி இருந்த மின்சுற்றுப் பலகைக்கும் நடுவே இருந்த கம்பியைப் பிடுங்கினான்.

எண் அசைந்துகொண்டிருந்தது.

வேறு பலகை மாற்றினான். சில நொடிகள் அசையாத துகள். பிறகு பெரிதானது. சிறுத்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பயப்படுவது மடத்தனம், நூலகத்தில் எங்கோ ஒரு மிச்சம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிழைக்கு ஒரு தாளம் இருக்கும். தாளம் பிடிபட்டால் பிழை பிடிபடும். கண்ணை மூடாமல் பார்த்தான். தூங்குகிறவர் மூச்சு இப்படி இருக்காது. தூங்குகிறவர் மூச்சு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது சட்டென்று ஏறியது, தானாக விழுந்தது. ஏறியது, விழுந்தது. நடுவே, இடைவிட்டு, ஒரு நீண்ட நிறுத்தம். பிறகு அவசரமாக மீண்டும்.

அமுக்கு. விடு. அமுக்கு. விடு.

அவனுக்கு அந்த நிறுத்தம் தெரியும்.

அது படிக்கட்டு வளைவு. மாமியார் வீடு, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், ஐந்தாம் மாடி. மகளை ஆஸ்பத்திரியில் சாக விடக் கூடாது. ஒரு மூச்சையாவது மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கூடத்தில் வைத்துத்தான் குழாயை எடுக்க வேண்டும் என்று மாமியார் காரிடாரில் மண்டியிட்டாள். கையெழுத்துப் போட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். மூச்சுக் குழாயில் மாட்டிய ரப்பர் காற்றுப்பையை அமுக்க ஆள் இல்லை. “தம்பி, நீங்க பிடிச்சுக்கோங்க” என்று அவன் கையில் திணித்தார்கள். அமுக்கினான். ரோச்சென்னின் மார்பு ஏறியது. விட்டான். இறங்கியது. வளைவுகளில் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்தித் திருப்பும்போது கை எட்டாது, நிற்கும். பிறகு அவசரமாக மீண்டும். இரண்டாம் மாடிக்குள் அவள் விரல்கள் ஜில்லென்று ஆகிவிட்டிருந்தன. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் பிடித்திருந்தவர் அவனைப் பார்த்தார். அடுத்த படியில் கால் வைத்தார்.

கூடத்தில் மாமியார், “மூச்சு இருக்குல்ல?” என்றாள்.

அந்த ஆம்புலன்ஸ்காரர் தன் ஷூவைப் பார்த்தபடி, “இருக்குங்கம்மா” என்றார். அப்படிச் சொல்வதும் அவர் வேலை. போயூ அவரை எவ்வளவு கேவலமாக நினைத்தான். நினைத்துக்கொண்டே அமுக்கினான். மந்திரம் ஓத வேண்டியவர் பான்ச்சியாவ் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேரும் வரை அமுக்கினான். வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள்: வீட்டுக்குப் போகணும்னுதான் என் பொண்ணு கடைசியா சொன்னா.

திரையில் எண் ஏறியது. விழுந்தது. யாரோ இன்னும் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாடி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வளைவு. நிறுத்தம். மீண்டும்.

ஒரே ஒரு வரி போதும். இந்த அளவுக்குக் கீழே வருவதெல்லாம் பூஜ்ஜியம் என்று ஒரு வரி. அதைத்தான் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். அறுபது படுக்கைகளுக்காக எழுத வேண்டும். அவன் விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தன. எழுதினால் இதுவும் போய்விடும். எது போய்விடும்? ஒரு மிச்சம். ஒரு கணக்குப் பிழை. தன்னிடமே சொல்லிக்கொண்டான். குரல் ஆம்புலன்ஸ்காரரின் குரல் போல இருந்தது.

எழுதினான். எல்லாப் பலகைகளிலும் ஏற்றினான்.

அறை அலறியது. எல்லாப் பாய்களும் ஒரே சமயத்தில், தகரத்தைக் கிழிப்பதைப் போல, சுவர் அதிர. திரைகள் சிவந்தன. மூச்சு இல்லை. மூச்சு இல்லை. காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றின் வாயாக அடைத்தான். கடைசிப் பாயும் ஓய்ந்தது. மழைச் சத்தம் திரும்பியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வரி. இவ்வளவுதான் இவர்களுடைய பிழை.

கீழ்த்தட்டு. மூன்றாவது திரை.

0

பார்த்துக்கொண்டே நின்றான்.

-0

இல்லை.

0

-0

பள்ளிக்கூடக் கணக்கில் இப்படி ஒன்று கிடையாது. கணினியில் உண்டு. எண்ணை எவ்வளவு நறுக்கி எறிந்தாலும், கூட்டலா கழித்தலா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அளவே இல்லை. ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாதது உள்ளே போனது. ஒன்றுமில்லாதது வெளியே வந்தது.

0

-0

நிறுத்தம்.

0

பக்கத்துத் திரையில் ஒரு கழித்தல் கோடு முளைத்தது. அதற்குப் பக்கத்தில். மேல்தட்டில். எல்லாத் திரைகளிலும். சேர்ந்து. சிவப்பு எழுத்துகளுக்குக் கீழே, ஓசையில்லாமல், வந்தது. போனது. வந்தது.

மேசைமேல் ஏதோ அசைந்தது.

அவன் வலது கை. விரல்கள் மூடின. திறந்தன. மூடின. அவன் மூடவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். விரல்கள் மூடின. திறந்தன. திரைகள் எல்லாம் அதோடு மூடித் திறந்தன. மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும்.

உள்ளங்கையில் ரப்பர். எதுவும் இல்லை, ஆனால் ரப்பர். பிசுபிசுப்பு. ஜில்லென்று.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

மாமியார் ஊரெல்லாம் சொன்னதை ரோச்சென் சொல்லவே இல்லை. நர்ஸ் திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, குழாய் வருவதற்கு முன்னால், அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவனிடம் மட்டும் சொன்னாள்:

“குழாயைப் போட்டுட்டா, ‘போதும்’னு என்னால சொல்ல முடியாது, போயூ. நீ சொல்லிடு.”