வக்கீலின் இறப்புப் பதிவு

“ரெண்டு கதவையும் பூட்டினேன்மா. பூட்டிட்டு இழுத்தும் பாத்தேன். இருபது வருஷமாப் பூட்டுற கை, முந்தாநாள் மட்டும் மறந்துடுமா?”

கிளிக்காரர் பதிவேட்டு அறையின் வாசலிலேயே நின்றார். விலங்குக்காட்சிசாலையில் பறவைகளுக்குத் தீனி போடுபவர். உள்ளே வரச் சொன்னால், காலெல்லாம் எச்சம் என்பார்.

பதிவேட்டம்மா மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறந்தது, செத்தது, வந்தது, போனது என்று அங்கிருக்கும் அத்தனை உயிர்களின் கணக்கும் அவள் பொறுப்பு. எதிரே முக்காலியில், சாப்பாட்டு நேரத்துக்கு டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு ஓடிவந்த அவளுடைய நாத்தனார், தூக்குச்சட்டியைத் திறக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். எங்கே வம்பு என்றாலும் மூக்கை நுழைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

“என்னதான் ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க,” என்றாள் நாத்தனார்.

“வக்கீல் செத்துடுச்சாம்.”

வக்கீல் என்பது பஞ்சவர்ணக்கிளி; வெளியே விற்றால் லட்சக்கணக்கில் போகும். யார் எது சொன்னாலும் எதிர்த்துக் கத்தும் என்பதால் அந்தப் பெயர். இங்கேயே பொரித்த குஞ்சு. ஆண் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆறாவது வயதில் ஒருநாள் கிளிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, “அம்மா, வக்கீல் முட்டை போட்டுட்டாரு!” என்று கத்தியதை நினைத்தால் நாத்தனாருக்கு இன்றும் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

நேற்று வார விடுமுறை. பார்வையாளர் இல்லை, கிளிக்காரரும் கால்நடை டாக்டரும் லீவு. காலையில் சுற்றிவந்த துணை இயக்குநர்தான் முதலில் பார்த்தாராம். கூண்டுக் கதவு திறந்து கிடந்ததாம். ஏதோ பூனை தலையைக் குதறிவிட்டதாம். நோய் பரவும் என்று உடலை உடனே எரித்துவிட்டார். ஒரு புகைப்படமும் இறப்புப் படிவமும்தான் மிச்சம். படிவத்தில் பதிவேட்டம்மாவின் கையெழுத்து விழுந்தால், கவனக்குறைவு என்று கிளிக்காரருக்கு இன்றே வேலை போகும்.

“ரெண்டு மணிக்குள்ள போடணும்னு உத்தரவு,” என்றாள் பதிவேட்டம்மா.

“போடாதீங்கம்மா,” என்றார் கிளிக்காரர். “நான் அதோட முகத்தக்கூடப் பாக்கல.”

“பாக்காம நானும் போடறதில்ல. நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

அவர் போனதும் பதிவேட்டம்மா புகைப்படத்தை நாத்தனார் பக்கம் தள்ளினாள். வெள்ளைத் தட்டில் மல்லாந்து கிடந்தது பறவை. தலை இருக்க வேண்டிய மேல்பக்கம் துணி மூடியிருந்தது. ஒரு காலில் வளையம். வளையத்தில் எண் பளிச்சென்று தெரிந்தது.

“எண் சரியா அண்ணி?”

“சரி. எந்தக் கால்ல இருக்கு?”

“வலது. இதோ, வலது பக்கம்.”

“உன் வலதா, அதோட வலதா?”

நாத்தனார் யோசித்தாள். யோசனை ஓடவில்லை. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, கோப்புகளை ஒதுக்கி, மேசைமேல் மல்லாந்து படுத்துவிட்டாள்.

“எழுந்திருடி, யாராவது வந்தா உனக்கும் படிவம் எழுதச் சொல்வாங்க.”

“இருங்க... இது என் இடது! இடது கால் அண்ணி!” எழுந்து புடவையைச் சரிசெய்தவளுக்கு, சுவரைப் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் வேலைக்கு வந்த துணை இயக்குநர் ஒட்டச்சொன்ன அட்டை அங்கே தொங்கியது: ஆணுக்கு வலது காலில் வளையம், பெண்ணுக்கு இடது காலில். “வக்கீல் பொம்பளதானே? அப்போ இடதுதான். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“ரொம்பச் சரியா இருக்கு. அதான் இடிக்குது.”

பதிவேட்டம்மா இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே பழைய காகித அட்டைகள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, எரித்துவிடுங்கள் என்று துணை இயக்குநர் இரண்டு முறை சொல்லியும் அவள் எரிக்கவில்லை. ஒரு அட்டையையும், தடித்த நோட்டு ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

“போ. கிளிக்காரர், டாக்டர், துணை இயக்குநர், மூணு பேரையும் கூட்டிட்டு வா. இயக்குநரையும் சேத்து.”

“அவங்க ரூமுக்கு நாம போறதுதானே முறை?”

“கையெழுத்து என்னோடது. அவங்க வரட்டும்.”

வந்தார்கள். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் பதிவேட்டம்மா உட்கார்ந்திருந்ததால் இயக்குநர் உட்பட எல்லோரும் நின்றார்கள். டாக்டர் அலமாரிமேல் சாய்ந்தார். கிளிக்காரர் வழக்கம்போல வாசல்.

“ஒரு கையெழுத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்றார் துணை இயக்குநர். “உங்களை மாட்டுத் தீவனக் கிடங்குக்கு மாத்திடுவேன், தெரியுமா?”

“எழுத்துல குடுங்க சார். அதுக்கும் ஒரு எண் போட்டு வச்சுக்கறேன். டாக்டர், வக்கீலுக்குக் கடைசியா எப்போ நகம் வெட்டினீங்க?”

“மூணு வாரம் இருக்கும். விரல்லயே கடிச்சிட்டா.”

“வளையம் எந்தக் கால்ல?”

“வலது,” என்றார் டாக்டர், யோசிக்காமல்.

“வலதுதாங்க,” என்றார் கிளிக்காரர். “தினம் என் கையில வந்து உக்காருமே.”

“இந்தப் படத்துல இடது.”

துணை இயக்குநர் சிரித்தார். “படம் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி விழுந்திருக்கும்.”

“திரும்பினா எண்ணும் திரும்பியிருக்கணும். நேரா இருக்கே.”

“அப்போ பெண்ணுன்னு தெரிஞ்சதும் யாரோ மாத்தியிருப்பாங்க. அதுதானே விதி!”

“வளையம், ஆண்னு நெனச்சு, மூணு வாரக் குஞ்சுக்கு வலதுல மாட்டினது. இடைவெளி இல்லாத முழு வளையம். பாதம் பெருத்தப்புறம் அறுக்காம எடுக்க முடியாது. எடுத்தாலும் இன்னொரு கால்ல நுழையாது. அதனால முட்டை போட்டப்புறமும் வலதுலயே விட்டோம். அன்னைக்கே அட்டையில எழுதி வச்சேன்.” அவள் அட்டையை இயக்குநரிடம் நீட்டினாள். “கம்ப்யூட்டர்ல எண் இருக்கும், பெண்ணுன்னு இருக்கும். எந்தக் கால்னு சொல்ல அதுல இடமே இல்ல.”

நாத்தனாருக்கு இப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. “அப்போ செத்தது வக்கீல் இல்ல! எங்கிருந்தோ செத்த கிளியக் கொண்டாந்து, அதே எண்ல போலி வளையம் பண்ணி, பிளந்து மாட்டியிருக்காங்க!”

“ஆமா. பண்ணினவர் விதியை மனப்பாடமா வச்சிருக்கார். ஆனா பறவைய ஒருநாளும் நின்னு பாத்ததில்ல. கிளிக்காரர் பண்ணியிருந்தா வலதுல மாட்டியிருப்பார். டாக்டரும் வலதுலதான் மாட்டியிருப்பார்.”

“எல்லாத்தையும் என் தலையில கட்டப் பாக்கறீங்களா?” துணை இயக்குநரின் குரல் ஏறியது. “கம்ப்யூட்டரை யார் வேணும்னாலும் பாக்கலாம்!”

“கம்ப்யூட்டர் இந்த அறையிலதான் இருக்கு. இங்கேருந்து ஒரு தாள் வெளியே போனாலும் இந்த நோட்டுல கையெழுத்து வாங்காம விடமாட்டேன். ஒத்தத் தாளுக்கு இவ்வளவு கெடுபிடியான்னு போன வாரம் என்னைத் திட்டினீங்க. திட்டிட்டுக் கையெழுத்தும் போட்டீங்க. என்ன தாள்னு நீங்களே படிக்கறீங்களா?”

அவர் படிக்கவில்லை. இயக்குநர் படித்தார். வக்கீலின் எண் இருந்த கம்ப்யூட்டர் பதிவின் நகல்தான்.

வாசலில் நின்ற கிளிக்காரர் முதல் தடவையாக உள்ளே கால் வைத்தார். அவருக்கு வேலை, விதி, நோட்டு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“அப்போ உயிரோட இருக்கா? சார், எங்க வச்சிருந்தாலும் கடலை மட்டும் குடுக்காதீங்க சார். தொண்டையில அடைச்சுக்கும். போன தடவை செத்துப் பொழச்சுது. குடுத்துட்டீங்களா? சொல்லுங்க சார், குடுத்துட்டீங்களா?” என்று துணை இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கடலையெல்லாம் குடுக்கலய்யா, விடு!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டாக்டரிடம் வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, போலீசுக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் மேசைமேல் கிடந்த படிவத்தைத் தயக்கத்தோடு பார்த்தார்.

“இதைக் கிழிச்சுப் போட்டுடலாமாம்மா?”

“இந்த அறையில எதையும் கிழிக்கறதில்ல சார்.”

பதிவேட்டம்மா பேனாவை எடுத்தாள். ‘இறப்பு’ என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘உயிருடன்’ என்று எழுதினாள். ‘தற்போதைய இருப்பிடம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. படிவத்தைத் திருப்பி, பேனாவோடு துணை இயக்குநர் முன் வைத்தாள்.

“இதை நீங்க நிரப்புங்க சார். ரெண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”