செம்பாறைக்குள் உறங்கியவை

அவள் ஊசியைக் கீழே வைத்த பிறகும் சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

அருங்காட்சியகத்தின் நிலவறையில் பாறையிலிருந்து பழைய எலும்புகளைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. மேஜைமேல் கிடந்த செம்பாறைக்குள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரையாசிக் காலத்துச் சிறு ஊர்வன சில ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு புதைந்திருந்தன. டைனோசர்களுக்கும் வானில் பறந்த டெரோசர்களுக்கும் மூதாதையான விலங்குகளுக்கு நெருங்கிய சொந்தம். பூனையைவிடச் சிறியவை, பின்னங்காலில் ஓடியவை. காலையில் ஒரு விரல் நுனிதான் தெரிந்தது. இப்போது, பசை வாடையும் ஈரமண் வாடையும் சேர்ந்து மூச்சை அடைக்கும் அந்த அறையில், விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள், அவள் தொடவே தொடாத ஒரு கால், துடைத்து வைத்ததுபோல் முழங்கால்வரை வெளியே நீண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி பாறையைத் தின்னுமா என்று மனசு திருப்பிக் கேட்டது.

போன் அடித்தது. மேலே கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த அவள் நாத்தனார்.

“அண்ணி, எலும்பு பாத்தே தீரணும்னு பசங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. உங்க பொண்ணுதான் எல்லாரையும் கிளப்பி விடுறா. கீழ கூட்டிட்டு வரட்டுமா?”

பாறையிலிருந்து ஒரு சில்லு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

“வேணாம். நீ மட்டும் கீழ வந்து இந்த ரூம் கதவ வெளிப்பக்கம் பூட்டிட்டு, பிள்ளைங்கள வாசலுக்குக் கூட்டிட்டுப் போ.”

“உள்ள நீங்க இருக்கீங்களே அண்ணி?”

“இருக்கேன். என் மேஜை, என் வேலை. நான் பாத்துக்கறேன்.”

ஓடியிருக்கலாம். ஆனால் அவள் ஓடினால் அவையும் ஓடும். அதே படியேறி.

வெளியே சாவி திரும்பியது. நல்லது.

பாறை பிளந்தது, ரொட்டியைப் பிட்டதுபோல், ஓசையில்லாமல். நகம். தாடை. சின்னஞ்சிறு பற்கள். ஒன்று மேஜையிலிருந்து குதித்தது. பின்னாலேயே மற்றவை.

தலைக்கு மேலே பிள்ளைகளின் காலடிகள் வாசலை நோக்கித் தடதடத்தன. மண்டையோடுகள் எல்லாம் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

அவள் சுத்தியலை எடுத்தாள். கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்தாள்.

“அங்க என்ன பார்வை?” என்றாள். “இங்க பாருங்க.”

திரும்பின.

சதையில்லை. கண்ணில்லை. வெற்று விலா எலும்புகள் மட்டும் விரிந்தன, சுருங்கின, அவள் மூச்சின் அதே கதியில்.

அவள் மூச்சை அடக்கினாள்.

அவை அடக்கவில்லை.