ராஜாவுக்கு மூன்று வேளை

எழுதி வைத்த உத்தரவு ஒன்றுதான் இந்த உலகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது மட்டும் இல்லாவிட்டால் சூரியன்கூடத் தன் இஷ்டத்துக்குத்தான் உதிக்கும் என்பது தங்கசாமியின் அசைக்க முடியாத கொள்கை. அந்தச் சமயத்தில் அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த உத்தரவு, ஒரு பூனைக்கு எத்தனை வேளை, என்ன சோறு போட வேண்டும் என்பது பற்றியது.

உத்தரவின் பத்தாம் நாள் மதியம், கொய்யா மரத்தடியில் வைத்த தட்டை எடுக்கப் போனவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். தட்டு காலியாக இருந்தது. காக்கை கொத்தியிருந்தால் பருக்கை சிதறியிருக்கும். நாய் தின்றிருந்தால் தட்டே புரண்டிருக்கும். இது ஓரம் வரைக்கும் நக்கித் துடைத்த தட்டு. வெயிலில் மினுங்கியது. கெண்டை மீனின் தலை மட்டும் தட்டுக்கு வெளியே, இடது பக்கம், பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மீன் தலையை அப்படி ஒதுக்கி வைப்பது ராஜாவின் பழக்கம்.

ராஜா செத்து அன்றோடு ஒரு நாள் ஆகியிருந்தது. தட்டு இருந்தது அதைப் புதைத்த மேட்டின் மேல்.

மேட்டூரில் தங்கசாமி குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி காளியண்ணன், எழுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசியில் சம்சாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். இருபத்தோரு நாள். ஆபீசுக்குக்கூட வராமல் பங்களாவிலேயே தங்கிப் பூனையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும். தங்கசாமிக்கு மாற்றல் வேண்டும். வெண்ணந்தூரில் அவர் மனைவி வசந்தாமணிக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். ராசிபுரத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டால் பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்கலாம். மாற்றல் காகிதம் டைப் அடித்து, பங்களாவில் காளியண்ணனின் மேசை இழுப்பறையில் தயாராகக் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"ராஜா எப்படி இருக்கறான்னு பாத்துட்டுப் போட்டரலாம் தங்கசாமி" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் காரில் ஏறினார்.

பத்து மணி ஆபீசுக்குப் பதினொன்றரைக்கு வந்து சேருகிற காளியண்ணன், பூனை விஷயத்தில் நிமிஷக் கணக்குப் பார்ப்பவர். உத்தரவு, "மேற்படி ராஜா, ஆண், வயது மூன்று, சாம்பல் நிறம்" என்று ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு எருமைப் பால் ஒரு டம்ளர், வெதுவெதுப்பாக. பகல் பன்னிரண்டுக்குக் குழைந்த சோற்றில் முள் எடுத்த கெண்டை, தலை உட்பட. மாலை ஆறுக்குப் பால்சோறு. வைக்கும்போது பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இடையில் எவ்வளவு கத்தினாலும் எதுவும் தரக் கூடாது. தந்தால் ஒழுக்கம் கெடும். வேளைக்கு வேளை நோட்டில் எழுத வேண்டும்.

தங்கசாமி அப்படியே செய்தார். புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்காகத் தான் உப்புப் போடாத சோறு தின்றுகொண்டு, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ராஜாவுக்கு மீன் வேகவைத்தார். ராஜாவோ எந்நேரமும் கத்தியது. தட்டை நக்கி முடித்த மறு நிமிஷம் கத்தியது. வயிறு தரையில் இழுபட நடந்து வந்து அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, முகத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தியது. அதிகாரி வீட்டுப் பூனைக்குத் தொந்தி இருப்பது இயற்கைதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் எருமை வைத்திருந்த சாலம்மாள்தான் பங்களாவுக்குப் பால் ஊற்றுகிறவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அந்த வாயில்லாத சீவன் தொண்டை கிழியக் கத்துதேங்க. ஒரு கை சோறு சேத்திப் போட்டா என்னுங்க?"

"ஆர்டர்ல மூணு வேளைதானுங்க அக்கா."

"அதென்னுங்க, பூனைக்குக்கூட ஆர்டருங்களா? அது படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டுச்சுங்களா?"

அன்றைக்கு வசந்தாமணியின் கடிதம் வந்தது. 'இப்பெல்லாம் எந்நேரமும் பசிக்குதுங்க. தின்னு கை கழுவறதுக்குள்ள மறுபடியும் பசிக்குது. ஒருத்தி சோறு பத்தறதில்லைங்க' என்று எழுதியிருந்தாள். தங்கசாமி சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்து, உத்தரவு இருந்த அதே பையில் வைத்தார். காலடியில் ராஜா கத்திக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைதான் ஆகியிருந்தது.

ஒன்பதாம் நாள், அதே மூன்றரை மணிக்கு, ராஜா சுவரேறிக் குதித்தது. சாலம்மாளின் தவிட்டு மூட்டைச் சந்தில் எலிக்கு மருந்து தடவி வைத்திருந்த கருவாட்டைத் தின்றது. அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது வாயில் நுரை தள்ளியிருந்தது.

"எலிக்கு வெச்சதுங்க சாமி. பெரிய ஊட்டுப் பூனை, இங்கெல்லாம் எங்க வரப்போகுதுன்னு இருந்துட்டனுங்க."

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க அக்கா" என்றுதான் தங்கசாமிக்குச் சொல்லத் தோன்றியது. மாற்றல் காகிதம் இழுப்பறையில் கிடந்தது கண்முன் வந்து நின்றது.

கொய்யா மரத்தடியில் குழி வெட்டி, சாக்கில் சுற்றி இறக்கினார். இறக்கும்போது சாக்குக்குள், வயிற்றுப் பக்கம், என்னவோ நெளிந்தது. செத்த உடம்பில் காற்றுப் புரளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டார்.

மணி ஆறானது. நோட்டை விரித்தார். இத்தனை வருஷச் சர்வீசில் அவர் ஒரு பொய்யும் எழுதியதில்லை. அதில் அவருக்குத் தனிக் கர்வம் உண்டு. 'ராஜாவுக்கு உணவு வைக்கப்பட்டது' என்பதுதான் நோட்டின் வாசகம். தின்றதா என்ற கேள்வி அதில் இல்லை. ஆகவே பால்சோற்றைக் கொண்டுபோய் மேட்டின் மேல் வைத்து, உத்தரவுப்படி "ராஜா" என்று பெயர் சொல்லி அழைத்துவிட்டு வந்து, நிம்மதியாக எழுதினார். மறுநாள் காலையிலும் வைத்தார், அழைத்தார், எழுதினார். அந்த மதியம்தான் மீன் தலை தனியாகக் கிடந்தது.

விஷயம் தெரிந்தபோது சாலம்மாள் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்ததுக்கு மூணாம் நாள் ஒருக்காப் பாலை ஊத்திட்டுத் திரும்பிப் பாக்காம வாரதுதானுங்க வழக்கம். தெனம் மூணு வேளை வெச்சு, பேரைச் சொல்லி வேற கூப்பிட்டா, அது எங்கிருந்துங்க போகும்?"

சரி, நிறுத்திவிடலாம் என்று தங்கசாமி துணிந்தார். பன்னிரண்டாம் நாள் மதியம் தட்டு வைக்கவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்தார். அணைத் தண்ணீரின் இரைச்சல் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது; புழுக்கத்தில் கண் சொருகியது; அரைத் தூக்கத்தில் அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒழுங்காக, நிறுத்தி நிறுத்திக் கேட்பதாகவும், ஈர மண்ணும் புளித்த பாலும் கலந்த வாடை ஒன்று நாற்காலிக்கு அடியிலிருந்து எழுவதாகவும் இருந்தது. எரிச்சலில் விழித்துக்கொண்டார். இடது குதிகாலில் தோல் இல்லை. எட்டணாக் காசு அளவுக்குச் செக்கச்செவேலென்று, ஈரமாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

நொண்டிக்கொண்டே போய் மீன் வேகவைத்தார். ஒரு மணிக்குத் தட்டை வைத்தார். நோட்டில் 'தாமதம்' என்று குறிப்பும் எழுதினார்.

அதற்குப் பிறகு தட்டு நகர ஆரம்பித்தது. மேட்டின் மேல் வைத்த தட்டு பின்வாசல் படியில் கிடந்தது. படியில் வைத்தது சமையல் கட்டுக்குள் கிடந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. தட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி உதிரி மண். கூட்டினார். மறுபடியும் மண்.

பதினைந்தாம் நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாற்றலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வெண்ணந்தூர் போய் வசந்தாமணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும். ஜலகண்டாபுரத்துக்குள் பஸ் நுழையும்போது தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தில் ஆறு. சீட்டுக்கு அடியில், செருப்பு நுனியில், முதலில் மீசை மயிர் உரசுகிற கூச்சம். அப்புறம் நாக்கு.

இறங்கிவிட்டார். டீக்கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கி, கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் பெயரைச் சொல்லி அழைத்தார். அப்புறம் திரும்பி மேட்டூர் பஸ் ஏறினார். இதை வெண்ணந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. எட்டு மாதக்காரி இருக்கிற வீட்டுக்குக் கூடவே கூடாது. காளியண்ணன் வரட்டும். அவர் போட்ட உத்தரவை அவரே ரத்து செய்யட்டும். அதுவரைக்கும் வைக்க வேண்டியதுதான்.

பதினெட்டாம் நாள் சத்தம் மாறியது.

சமையல் கட்டின் இருட்டு மூலையில், ஒரு நாக்கு நக்கும் பழைய சத்தத்தோடு, சின்னச் சின்னதாக வேறு சத்தங்கள். ஓட்டுத் தாழ்வாரத்தில் மழைநீர் சொட்டுகிற மாதிரி. சொட்டு. சொட்டு. எண்ணப் பார்த்தார். எண்ணிக்கை கலைந்து கலைந்து போனது. தட்டு ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது. அப்புறம் தட்டைச் சுரண்டும் சத்தம்.

தங்கசாமி வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உத்தரவை மீறினார். நான்கு வேளை வைத்தார். பிறகு ஆறு. சாலம்மாளின் எருமை கறந்ததெல்லாம் பங்களாவுக்கே வந்தது. நோட்டில் மூன்று வேளைதான் எழுதினார். அவர் எழுதிய முதல் பொய் அது.

பத்தவில்லை.

இருபத்தோராம் நாள் மாலை ஐந்தே முக்காலுக்குக் காளியண்ணன் வந்து இறங்கினார். சம்சாரத்தைச் சேலத்தில் மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் கங்கைச் சொம்பு. ராஜாவுக்கென்று தனியாக ஒரு காசிக் கயிறு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, நோட்டைப் புரட்டினார்.

"அறுபத்திரண்டு வேளை. ஒண்ணுதான் தாமதம். இப்படியல்லவா இருக்கோணும்! எங்கய்யா அந்தக் காகிதம்?"

தங்கசாமி இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். காளியண்ணன் பேனா மூடியைத் திருகினார்.

"ராஜா எங்க காணோம்?"

"அய்யா... அந்த ஆர்டரை மொதல்ல ரத்து பண்ணீருங்க அய்யா."

"எந்த ஆர்டரை? ராஜா! டேய் ராஜா!"

அழைத்துவிட்டார்.

கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்தது. விளக்கு இன்னும் போடவில்லை. சமையல் கட்டு வாசலிலிருந்து கூடம் வரைக்கும் உதிரி மண் கோடாக நீண்டு வருவதைத் தங்கசாமி பார்த்தார். மண் மட்டும்தான் வந்தது. நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

"அடடே, வந்துட்டியா" என்றார் காளியண்ணன், குனியாமலே, காகிதத்தைப் படித்தபடி. "காலை நக்கறான் பாரு. இருபது நாளானாலும் பாசம் போகலை." பேனாவை வைத்தார். 'கா' என்று எழுதினார்.

பேனா நின்றது.

"ஏய்யா. ரெண்டு காலையும் நக்குது."

தங்கசாமி பால் பாத்திரத்துக்கு ஓடினார். கவிழ்த்துப் பார்த்தார். காலி.

"தங்கசாமி. விரலெல்லாம்... முட்டியில... எத்தனை பூனைய்யா வெச்சிருக்கே இங்க?"

நாற்காலிக்கு அடியில் ஒன்றும் இல்லை. இருட்டு. ஈர மண் வாடை. காளியண்ணன் தூக்கிய இரண்டு கால்களிலும் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தோல் சத்தமில்லாமல் உரிந்துகொண்டே போனது. ஒரு சொட்டு ரத்தமும் தரைக்கு வந்து சேரவில்லை. சொட்டு. சொட்டு. சொட்டு. கையெழுத்துப் பாதியில் நின்ற காகிதம் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

ராஜா பெண் பூனை. மூன்று வருஷத்தில் அதன் வாலை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.