ஏழாம் படுக்கை

மாலை நான்கு மணிக்கு, மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் இருந்த கணினி அறைக்கு அவள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. காயாத துணியின் வாடை.

மாடியில் ஏழாம் படுக்கையில் அவள் தம்பி கிடந்தான். அவனுக்கு மருந்து செலுத்தும் பம்ப் காலையிலிருந்து நின்று நின்று போனது. மாற்றிய பம்ப்பும் அப்படியே. நர்ஸ்கள் கையாலேயே மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். கோளாறு பம்ப்களை இயக்கும் புரோகிராமில். அதை எழுதியவர் இதே அறையில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அது அவள் பொறுப்பு.

ஒன்பதாயிரம் வரிகள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

அவள் புரோகிராமைத் திறந்து திருத்தும் எடிட்டரில் தனக்கென்று இரண்டு குறிகளை வரையறுத்தாள்: பகுதியின் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. இடையில் உள்ளதெல்லாம் ஒரே வரியாக மடிந்துவிடும். பார்த்து முடித்த பகுதிகளை ஒவ்வொன்றாக மடித்து ஒதுக்கிக்கொண்டே வந்தாள். பத்தொன்பது மடிப்புகள்.

எண்ணிப் பார்த்தாள். திரையில் இருபது.

இருபதாவதற்குத் தொடக்கக் குறியும் இல்லை, முடிவுக் குறியும் இல்லை. தலைப்பு மட்டும்: ஏழு.

விரித்தாள். உள்ளே ஒரே வரி.

நிறுத்து.

யோசிக்கவில்லை. அழித்துவிட்டுச் சேமித்தாள்.

தொலைபேசி ஒலித்தது. நர்ஸின் குரல் தணிந்திருந்தது. "பம்ப் ஓடுதும்மா. தம்பிக்கு மூச்சு சீராயிடுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஆனா இப்போ எட்டாவது பெட் நின்னுடுச்சு. கையால குடுத்தும் ஏற மாட்டேங்குது."

திரையில் அந்த மடிப்பு மீண்டும் இருந்தது. தலைப்பு: எட்டு.

"அங்க யாரு?"

"வயசான அம்மா. கூட யாரும் இல்ல. சீக்கிரம் பாருங்கம்மா."

இதையும் அழித்தால் அது எங்கே போகும்? திரும்ப ஏழுக்கே வந்துவிட்டால்? அழிக்கும் பொத்தானின் மேல் அவள் விரல் இருந்தது.

"பாக்கறேன் சிஸ்டர்," என்றாள்.

தொலைபேசியை வைத்தாள். விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மடிப்புக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு வரி தானே விழுந்தது.

நன்றி, அக்கா.