ஜெயசித்ராவுக்காக ஒரு குரல்

பழைய மாணவர் சந்திப்பு என்றால் என்ன நடக்கும்? பிரியாணி, குரூப் போட்டோ, வாட்ஸப்பில் நாலு நாளைக்கு அலப்பறை. அன்றைக்கும் அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். அரியலூருக்கும் திருமானூருக்கும் நடுவில் இருக்கும் அந்த மேல்நிலைப்பள்ளி வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவை விட்டு இறங்கிய மணிமொழியும் அப்படித்தான் நினைத்தாள். கூடவே மகள் இலக்கியா. அதே பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். பசுமைப் படை மன்றத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, வருகிறவர்களுக்கு மோர் கொடுக்கும் வேலை அவளுக்கு. புருஷன் குவைத்தில். மணிமொழிக்கு இங்கே உலகம் என்று இருப்பது அந்த ஒரே பெண்தான்.

ஏற்பாடெல்லாம் அறிவழகன். படிக்கிற காலத்திலேயே மைக்கைக் கண்டால் விடமாட்டான். இப்போது லாரி ஓனர் வேறு, கேட்கவா வேண்டும்?

"எல்லாரும் நம்ம பன்னெண்டாவது கிளாசுக்கு வாங்க! அவங்கவங்க பழைய எடத்துல உக்காருங்க. அங்கமுத்து ஐயா அட்டெண்டன்ஸ் எடுப்பாரு. பேரு சொன்னா எந்திரிச்சு 'உள்ளேன் ஐயா' சொல்லணும். இப்ப என்ன பண்றீங்கன்னும் சொல்லணும்!"

இப்போதெல்லாம் ஊருக்கு ஊர் இது ஒரு வழக்கமாகிவிட்டது. அங்கமுத்து ஐயா அவர்களுடைய தமிழாசிரியர். வயசு எண்பதை நெருங்குகிறது. கண் பாதி போச்சு, ஞாபகம் பாதி போச்சு. பேர் வரிசை மட்டும் அப்படியே மனப்பாடம். கையில் காகிதம்கூட இல்லாமல் ஆரம்பித்தார். ஒருத்தன் போலீஸ், ஒருத்தி நர்ஸ், ஒருத்தன் முந்திரித் தோப்பு. கைதட்டலும் கிண்டலுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஜெயசித்ரா."

ஜெயசித்ரா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டாவது பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் தேங்கிய தண்ணீரில் தவறி விழுந்தவள். கல் நத்தை பொறுக்கப் போயிருந்தாள். அந்தப் பக்கத்து மண்ணில் நல்ல மழை அடித்தால், என்றைக்கோ அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்து கல்லாகிப்போன நத்தைகள் மேலே வந்து கிடக்கும். அவளுக்கு அதில் ஒரு பைத்தியம்.

அவள் வரும் பஸ் தினமும் லேட். அவள் வருவதற்குள் ஐயா பேர் வாசித்துவிட்டால், அவளுடைய கரகரத்த குரலிலேயே "உள்ளேன் ஐயா" சொல்வது பக்கத்து இடத்து மணிமொழிதான். நெரிசலான வகுப்பில் யார் கண்டார்கள்? மறுநாள் நன்றிக்கு ஒரு கல் நத்தை மணிமொழியின் இடத்தில் இருக்கும். அதுதான் அந்த இரண்டு பேருக்கும் பேச்சு.

"ஜெயசித்ரா வரலையா?" ஐயாவின் முகம் வாடிவிட்டது. அவள் செத்தது அவருக்கு ஞாபகம் இல்லை. எடுத்துச் சொல்லி, அந்தப் பெரிய மனுஷரை எல்லார் முன்னாலும் அழவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மணிமொழிக்குத்தான் வாய் முந்திக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"உள்ளேன் ஐயா," என்றாள், அதே பழைய கரகரத்த குரலில்.

ஐயா முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா இருக்கியாம்மா? இப்ப என்ன பண்றே?"

"வூட்டுலதான் இருக்கேன் ஐயா."

சிலர் சிரித்தார்கள். முன் பெஞ்சிலிருந்த புஷ்பவல்லி மட்டும் திரும்பி, மணிமொழியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அடியே, போனவ பேருக்கு வந்துட்டேன்னு சொல்லலாமாடி? அதுவும் வூட்டுல இருக்கேன்னு... எந்த வூட்டுலடி?"

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மணிமொழிக்குப் பக்கத்தில் யாருமே உட்காராத இடத்தில், பெஞ்சுப் பலகை நனைந்திருந்தது.

பிரியாணி இறங்கவில்லை அவளுக்கு. போட்டோவுக்குக்கூட நிற்காமல் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கைப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு கல் நத்தை. ஈரம் சொட்டச் சொட்ட.

அடி ஆத்தி!

கொல்லைப்பக்கம் ஓடி அதை முள்ளுக்காட்டில் வீசிவிட்டு, புஷ்பவல்லிக்குப் போன் போட்டாள். "எனக்கு எது வந்தாலும் பரவால்லடி. வூட்டுல புள்ள இருக்காளே..."

"பொறு, பொறு. ஐயா கூப்பிட்டுத்தானே வந்தா? அவரே போகச் சொல்லட்டும். காலையில மொத பஸ்ஸுக்குக் குரும்பலூர் போயி, ஐயாவ அவரு வூட்டுல பாரு. 'ஜெயசித்ரா வரலை'ன்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, போதும்."

அந்தச் சாயங்காலம் முழுக்க மணிமொழி ஒரு இடத்தில் உட்காரவில்லை. எழுந்து எழுந்து போய் மகளைப் பார்த்தாள். இலக்கியா எரிச்சலாகிவிட்டாள். "என்னம்மா, சும்மா சும்மா வந்து எட்டிப் பாக்குற? நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

காலையில் குரும்பலூர் கிளம்ப அவசரமாகக் குளித்துவிட்டு வந்தாள். கட்டிலில் இலக்கியா தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னடி, பள்ளிக்கூடம் போகல?"

"காய்ச்சலா இருக்கும்மா." தொண்டை கட்டிக் குரல் கரகரத்தது.

போர்வைக்குள் கையை விட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, வேர்த்தும் இருந்தது. புள்ளையை இப்படிப் போட்டுவிட்டு எந்தத் தாய் பஸ் ஏறுவாள்? ஐயாவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கஞ்சி வைத்து ஆற்றி, ஒரு டம்ளரில் கட்டிலோரம் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, லீவு சொல்ல மகளின் கிளாஸ் டீச்சருக்குப் போன் செய்தாள்.

"இலக்கியாவுக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர். இன்னிக்கு வரமாட்டா."

"என்னங்க சொல்றீங்க? மொத பெஞ்சுல உக்காந்திருக்காளே. இருங்க, தரேன்."

"அம்மா?" இலக்கியாவின் குரல். தெளிவாக, கொஞ்சம் பயந்து. "என்னம்மா ஆச்சு? நீ குளிக்கறப்ப போயிட்டு வரேன்னு சொன்னேனே. நீயும் சரின்னியே?"

மணிமொழி சரி என்று சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் கேட்கவே இல்லை.

மகள் பத்திரமாக இருக்கிறாள். அந்த நினைப்பில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அங்கயே இரு சாமி," என்று கிசுகிசுத்தாள். "சாயங்காலம் பஸ் ஏறாத. புஷ்பவல்லி அத்தை வந்து கூட்டிட்டுப் போவாங்க. நான் சொல்ற வரைக்கும் வூட்டுக்கு வராத."

போனை வைத்தாள்.

மெல்லத் திரும்பினாள்.

கட்டிலில் போர்வை அப்படியேதான் இருந்தது. ஈரம் மெத்தையைத் தாண்டித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. கஞ்சி டம்ளர் காலி. அதற்குள் ஒரு கல் நத்தை கிடந்தது.

எப்படியோ கேட்டுவிட்டாள்.

"யா... யாரு?"

போர்வை லேசாக அசைந்தது.

"உள்ளேன் மணி," என்றது அந்தக் கரகரத்த குரல். "வூட்டுலதான் இருக்கேன்."