ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடம்

"ஐயோ, இன்னாடா இது!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நான் கடைக்குள் ஓடினேன்.

அண்ணனூர் ஸ்டேஷன் எதிரில்தான் எங்கள் ஜெராக்ஸ் கடை. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை முழுக்கச் சிவப்பாக வந்திருந்தது. 'உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம். பணம் அனுப்பினால்தான் திறப்போம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்குள் வராமலே ஒருவன் பூட்டுப் போட முடியுமா?

அம்மா டில்லிபாபு அண்ணன் பக்கம் திரும்பினார். கடையில் வேலை செய்பவர் அவர்தான்.

"எப்பப் பாரு கேம் ஆடிக்கினு கீறியே டில்லி! உன் வேலதான் இது!"

"சத்தியமா நான் இல்லக்கா!"

"பேசாத. இனிமே வேலைக்கு வராத!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஜெகன் மாமா வந்தார். முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். "யாரும் எதையும் அழிக்காதீங்க. உள்ள வந்தது தடம் விட்டுட்டுதான் போயிருக்கும்" என்றார்.

துப்பறியப் போகிறோம்! நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாமா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் இணைத்தார். பூட்டிய ஃபைல்களை நேரப்படி வரிசையாக்கினார்.

"மொத ஃபைலு நேத்து சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்குப் பூட்டியிருக்கு. அஞ்சு முப்பத்தெட்டுக்கு யாரோ பென்டிரைவ சொருகி, ஒரு கார் கேமைத் தொறந்துகீறாங்க. அதுல ஒளிஞ்சி வந்த வைரஸ்தான் பூட்டியிருக்கு."

"பாத்தியா, கார் கேம்!" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் டில்லி அண்ணன் பேப்பர் வாங்க ஆவடிக்குப் போயிருந்தார். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்தது நான் மட்டும்தான். என் வகுப்பு அபிஷேக் கொடுத்த பென்டிரைவ் இன்னும் என் பள்ளிப் பையில் இருந்தது. சொருகித் திறந்தும் கேம் வரவில்லை என்று நேற்றே அதை மறந்தும்போயிருந்தேன். அடப்பாவமே, துப்பறிந்து என்னையே பிடித்துவிட்டேனா!

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் டில்லி அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா... அது நான்தாம்மா."

அம்மா என்னை முறைத்துவிட்டு அண்ணனிடம் போனார். "தப்பா பேசிட்டேன் டில்லி. மனசுல வெச்சிக்காத. டப்பாவ வெளிய எடு."

"பணம் கட்டாதீங்க, கட்டினாலும் தொறப்பான்னு நம்ப முடியாது. போலீஸ்ல சொல்லுங்க" என்றார் மாமா.

"ஜனங்க பிரிண்ட் போட அனுப்புன சர்ட்டிபிகேட்டெல்லாம் போச்சே! எடம் இல்லன்னு என் போன்லயும் அழிச்சிட்டேனே!" என்றார் அம்மா.

"எல்லாரும் வாட்ஸ்அப்லதானேம்மா அனுப்புனாங்க? அவங்க போன்ல இருக்குமே! நானே கேக்குறேன்" என்றேன்.

முதலில் அஞ்சலை அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் ஜெராக்ஸ் கடை அகல்யா. என்னாலதான் உங்க ஃபைல் போச்சு. திரும்ப அனுப்புறீங்களா?"

"இன்னாது!" என்று அக்கா கத்தியதில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஆனாலும் அனுப்பிவிட்டார்.

டில்லி அண்ணன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சிட்டுப் பேசு அகல்யா. இன்னும் நாப்பத்திரெண்டு பேரு கீறாங்க."